வாசகர் கேள்வி: நெகட்டிவ் ஸ்கேன்ல வெள்ளைப் புள்ளி

கேள்வி: அப்பா எடுத்த பழைய பிளாக் அண்ட் ஒயிட் நெகட்டிவ் எல்லாம் ஸ்கேன் பண்ணிட்டு இருக்கேன் சார். படம் முழுக்க வெள்ளைப் புள்ளி, முடி மாதிரி கோடு. ஸ்கேனர்ல இன்ஃப்ராரெட் தூசி நீக்கற ஆப்ஷனை போட்டா முகமெல்லாம் அலங்கோலமா வருது. போட்டோஷாப்ல டஸ்ட் அண்ட் ஸ்கிராட்ச்சஸ் ஃபில்டர் போட்டா தூசி போகுது, ஆனா ஆளுங்க மெழுகு பொம்மை மாதிரி ஆயிடறாங்க. என்ன பண்ணலாம்?

பதில்: முதல்ல இன்ஃப்ராரெட்டை ஆஃப் பண்ணிடுங்க. கலர் நெகட்டிவ்ல இருக்கற சாயம் இன்ஃப்ராரெட்டை தடுக்காது, தூசி மட்டும்தான் தடுக்கும், அதை வச்சுதான் எது தூசின்னு ஸ்கேனர் கண்டுபிடிக்குது. பிளாக் அண்ட் ஒயிட்ல படமே வெள்ளித் துகள்தான், அதுவும் தடுக்கும், அதனால படத்தையே தூசின்னு நினைச்சு அழிக்கப் பாக்குது. இல்ஃபோர்ட் எக்ஸ்பி2 மாதிரி கலர் கெமிக்கல்ல கழுவுற ஃபிலிம்னா பிரச்சனை இல்ல.

ஃபில்டரை படம் முழுக்க போடாதீங்க, அங்கதான் எல்லாம் கெட்டுப்போகுது. லேயரை டூப்ளிகேட் பண்ணி அதுல ஃபில்டர் போடுங்க, ரேடியஸ் தூசி மறையற அளவு போதும், த்ரெஷோல்டை மெதுவா ஏத்திட்டே வந்து தூசி திரும்ப தெரியறதுக்கு கொஞ்சம் முன்னாடி நிறுத்திட்டு, அந்த லேயரோட பிளெண்டிங் மோடை டார்க்கன்னு மாத்துங்க. நெகட்டிவ்ல தூசி வெளிச்சத்தை மறைக்கறதால படத்துல வெள்ளையாத்தான் விழும், டார்க்கன் போட்டா வெளுப்பா இருக்கற பிக்சல் மட்டும் மாறும், மத்தது அப்படியே இருக்கும். அப்புறம் அந்த லேயரை முழுசா மறைக்கற கறுப்பு மாஸ்க் போட்டு, வானம், சுவர் மாதிரி வெத்து இடத்துல மட்டும் வெள்ளை பிரஷ்ஷால தடவுங்க.

முகத்துப் பக்கம் அந்த பிரஷ்ஷை கொண்டு போகவே கூடாது. கண்மணியில விழுற வெளிச்சப் புள்ளியும் ஃபில்டருக்கு தூசிதான், அதை எடுத்துட்டா பார்வையே போயிடும், அப்பா எடுத்த படத்துல அது போகவே கூடாது. முகத்துக்கு புது லேயர்ல ஸ்பாட் ஹீலிங் பிரஷ், சாம்பிள் ஆல் லேயர்ஸ் டிக் பண்ணிட்டு, 100% ஜூம்ல, புள்ளியை விட கொஞ்சம் பெரிய பிரஷ், ஒரு புள்ளிக்கு ஒரு கிளிக். கண்ணாடி ஃபிரேம், சட்டைக் காலர் மாதிரி ஓரத்துல ஹீலிங் குழப்பிடும், அங்க க்ளோன் ஸ்டாம்ப்தான், அதே ஓரத்துலேர்ந்தே ஆல்ட் அமுக்கி எடுங்க. ஷார்ப்பனிங்கை இதெல்லாம் முடிஞ்ச பிறகுதான் பண்ணணும், முன்னாடியே பண்ணா தூசியும் சேர்ந்து கூர்மையாயிடும்.

இன்னும் ஸ்கேன் பண்ணாத நெகட்டிவை கையால அமுக்கற ரப்பர் ப்ளோயரால ஊதிட்டு வைங்க. வாயால ஊதினா எச்சில் தெறிக்கும், துணியால தேய்ச்சா கோடு விழும், அந்த கோட்டுக்கும் சேர்த்து நீங்கதான் உட்காரணும்.

கேள்வி: என் ஸ்கேன்ல கறுப்புக் கோடு வருதே, அதுவும் தூசியா? என்கிட்ட போட்டோஷாப் இல்ல, ஜிம்ப்தான் இருக்கு.

பதில்: தூசி இல்ல, ஃபிலிம்ல படம் பதிஞ்சிருக்கற பூச்சு, அதாவது எமல்ஷன் பக்கம் கீறி அந்த இடத்துல படமே உரிஞ்சிருக்கு, வெளிச்சம் அதிகமா போய் கறுப்பா வருது. இதுக்கு டார்க்கனுக்கு பதிலா லைட்டன், ஜிம்ப்ல லைட்டன் ஒன்லின்னு இருக்கும். நீளமான கோட்டை ஒரே இழுப்புல இழுக்காம, ஹீல் டூல்ல கன்ட்ரோல் அமுக்கி பக்கத்துலேர்ந்து சாம்பிள் எடுத்து துண்டு துண்டா பண்ணுங்க, பின்னணி மாறும்போதெல்லாம் புதுசா சாம்பிள் எடுக்கணும். ஸ்லைடுன்னா, அதாவது ஃபிலிம்லயே படம் நேரா தெரியற வகைன்னா, எல்லாமே தலைகீழ், அதுல தூசிதான் கறுப்பா விழும்.