வாசகர் கேள்வி: குதிரை மாறியதால் செத்த கர்னல்

கேள்வி: அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தில் ஓவன்ஸ்பரோ என்கிற ஊரில் மகன் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தேன். ஏதோ சண்டையில் செத்துப்போன ஓவன் என்பவரின் பெயர்தான் ஊருக்கு என்றார்கள். யார் அவர், பெரிய தளபதியா?

பதில்: அப்படி ஒன்றும் இல்லை. ஆப்ரகாம் ஓவன், கென்டக்கி மிலிஷியாவில் கர்னல். மிலிஷியா என்றால் சம்பளப் பட்டாளம் இல்லை. உழவும் கடையும் வக்கீல் தொழிலுமாக இருந்துவிட்டு, கூப்பிட்டால் துப்பாக்கியோடு வந்து நிற்கிற ஊர்க்காரர்கள். 1811-ல் இந்தியானா பிரதேசத்தின் கவர்னர் வில்லியம் ஹென்றி ஹாரிசன், ஷானி பழங்குடித் தலைவர் டெகும்சேயின் தம்பி டென்ஸ்க்வடாவா குடியேற்றியிருந்த 'தீர்க்கதரிசி ஊர்' மேல் சுமார் ஆயிரம் பேரோடு போனபோது, ஓவன் தானாக முன்வந்து அவருக்கு உதவி அதிகாரியாகச் சேர்ந்துகொண்டார்.

நவம்பர் 7, இன்னும் விடியவில்லை, டிப்பகனூ ஆற்றங்கரைப் பக்கம் ஹாரிசனின் முகாம் மேல் பழங்குடி வீரர்கள் திடீரென்று தாக்கினார்கள். ஹாரிசன் வழக்கமாக ஏறுவது வெளிர் சாம்பல் நிறக் குதிரை. அது அந்தக் குழப்பத்தில் கைக்குக் கிடைக்காததால் கிடைத்த கறுத்த குதிரை ஒன்றில் ஏறிவிட்டார். பக்கத்திலேயே வெள்ளைக் குதிரையில் போன ஓவன் கொஞ்ச நேரத்தில் சுடப்பட்டு விழுந்தார். வெள்ளைக் குதிரையில் இருப்பவர்தான் கவர்னர் என்று நினைத்துச் சுட்டிருப்பார்கள் என்றுதான் அப்போதிருந்து சொல்கிறார்கள். தப்பித்த ஹாரிசன் 1840-ல் 'டிப்பகனூ' என்ற அடைமொழியை வைத்தே ஓட்டுக் கேட்டு ஜனாதிபதி ஆனார், பதவியேற்ற ஒரே மாதத்தில் செத்தும் போனார். ஓவனுக்குக் கிடைத்தது உங்கள் மகன் ஊர்.

கேள்வி: அந்த ஊர் இருப்பது டேவிஸ் கவுன்டியில் (நம் மாவட்டம் மாதிரி). அதுவும் ஆள் பெயர்தானா?

பதில்: அதே சண்டையில் செத்த இன்னொருவர்! ஜோசப் ஹாமில்டன் டேவிஸ். வக்கீல், அதுவும் லேசுப்பட்டவர் இல்லை. அரசு வக்கீலாக இருந்தபோது, முன்னாள் துணை ஜனாதிபதி ஆரன் பர் மேலேயே 1806-ல் சதி வழக்குப் போடப் பார்த்தவர். ஜூரி ஒத்துக்கொள்ளவில்லை. அந்த மனுஷன் 1811-ல் மேஜராகக் குதிரைப்படைக்குத் தலைமை தாங்கி வந்து, மரங்களுக்குப் பின்னாலிருந்து சுடுகிறவர்களைப் போய் விரட்ட அனுமதி கொடுங்கள் என்று ஹாரிசனை நச்சரித்து, கடைசியில் உத்தரவு கிடைத்ததும் குதிரையை விட்டு இறங்கி, போதுமான ஆட்களைக்கூடச் சேர்த்துக்கொள்ளாமல் இருட்டில் ஓடினார். பக்கவாட்டிலிருந்து சுட்டுவிட்டார்கள். வீரம்தான், சந்தேகமில்லை, ஆனால் கொஞ்சம் அவசரக்குடுக்கை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இவர் பெயரில் கென்டக்கி, இந்தியானா, மிசௌரி, இல்லினாய் என்று நான்கு மாநிலங்களில் கவுன்டி இருக்கிறது, நான்கிலும் எழுத்துப்பிழை! அவர் ஆங்கிலத்தில் கையெழுத்துப் போட்டது 'வி'க்கு அடுத்து 'ஈ', அப்புறம் 'ஐ'. கவுன்டிகளில் 'ஐ' முன்னால், 'ஈ' பின்னால். திருத்தச் சொல்லி மனு கொடுக்க அவர் உயிரோடு இல்லை.

இன்னொன்று. இந்தியானாவில் ஓவன் கவுன்டி என்று தனியாக ஒன்று உண்டு, அதன் தலைமை ஊரின் பெயர் ஸ்பென்சர். அதுவும் அதே காலையில் செத்த மிலிஷியா கேப்டன் ஸ்பியர் ஸ்பென்சர்தான். முதலில் தலையில் காயம், விடாமல் ஆட்களை உற்சாகப்படுத்தினார். அப்புறம் இரண்டு தொடையிலும் குண்டு, கீழே விழுந்தும் கத்திக்கொண்டிருந்தார். தூக்கி நிறுத்தினார்கள், மூன்றாவது குண்டு உடம்பில் பாய்ந்தது. இதை ஹாரிசனே தன் அறிக்கையில் எழுதியிருக்கிறார். ஆக டேவிஸ் கவுன்டிக்குள் ஓவன், ஓவன் கவுன்டிக்குள் ஸ்பென்சர். கூடாரத்துக்குப் பக்கத்துக் கூடாரம் மாதிரி, வரைபடத்திலும் ஒருத்தரை ஒருத்தர் விடவில்லை.

கேள்வி: சண்டை நடந்த இடத்தில் ஏதாவது இருக்கிறதா? போய்ப் பார்க்கலாமா?

பதில்: தாராளமாக. லஃபயட் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, ஊர் பெயரே 'பேட்டில் கிரவுண்ட்'. ஸ்பென்சர் விழுந்ததும் அந்தக் கம்பெனியைப் பொறுப்பேற்று நடத்திய ஜான் டிப்டன் என்ற இளைஞர், பிற்பாடு வசதி வந்ததும் அந்த நிலத்தை விலைக்கு வாங்கி, சண்டையின் 25-வது ஆண்டில், 1836-ல், மாநிலத்துக்குக் கொடுத்தார். சுமார் 16 ஏக்கர். இந்த இடத்துக்கு வேலி போட்டுப் பாதுகாப்பது சட்டமன்றத்தின் கடமை என்று இந்தியானாவின் 1851 அரசியல் சட்டத்திலேயே ஒரு பிரிவு சேர்த்திருக்கிறார்கள். கல்தூண் நினைவுச்சின்னம் 1908-ல்தான் வந்தது.

நினைவுச்சின்னம் வருவதற்கு வெகு முன்பே, சண்டை முடிந்த கையோடு ஒரு கொடுமை நடந்தது. படை திரும்புவதற்கு முன் செத்தவர்களைப் புதைத்து, இடம் தெரியாமல் இருக்க மேலே கட்டைகளைப் போட்டு எரித்தார்கள். பிரயோஜனமில்லை. படை போனதும் பழங்குடியினர் குழிகளைத் தோண்டிவிட்டார்கள். ஆத்திரத்துக்குக் காரணமும் இருந்தது, அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

கேள்வி: செவ்விந்தியர் பக்கம் செத்தவர்களுக்கு ஊர், கவுன்டி ஏதும் இல்லையா?

பதில்: அன்று செத்த பழங்குடி வீரர்கள் எத்தனை பேர் என்பதற்கே சரியான கணக்கு கிடையாது. ஹாரிசன் பக்கம் மட்டும் அறுபதுக்கு மேல் என்று பெயரோடு பட்டியல். 1809-ல் கோட்டை வெய்ன் ஒப்பந்தம் என்று சில தலைவர்களைக் கையெழுத்துப் போட வைத்து ஏறக்குறைய 30 லட்சம் ஏக்கரை எடுத்துக்கொண்டார் ஹாரிசன். அதை டெகும்சே ஒத்துக்கொள்ளவில்லை, சண்டையே அதில் பிறந்ததுதான். சண்டைக்கு மறுநாள் ஹாரிசன் படையினர் ஆளில்லாத தீர்க்கதரிசி ஊரையும் அதிலிருந்த தானியத்தையும் கொளுத்தினார்கள், பனிக்காலம் வருகிற நேரத்தில்.

டெகும்சே அன்று ஊரிலேயே இல்லை, ஆள் சேர்க்கத் தெற்கே போயிருந்தார். அவர் பெயரில் மிச்சிகனில் ஒரு ஊர் இருக்கிறது. இன்னும் வேடிக்கை, ஒஹையோவில் 1820-ல் பிறந்த ஒரு வெள்ளைக்காரக் குழந்தைக்கு அவர் பெயரை வைத்தார்கள். உள்நாட்டுப் போரில் அட்லாண்டாவைப் பிடித்த ஜெனரல் ஷெர்மன் அவர்தான்: வில்லியம் டெகும்சே ஷெர்மன்.