புல்வெளியில் பல வகைச் செடிகள் இருந்தால் செத்த வேர் சீக்கிரம் மட்குமா?

செத்த வேரைப் பூஞ்சையும் பாக்டீரியாவும் மண்ணில் வாழும் சிற்றுயிர்களும் தின்று, அதன் சத்தை மண்ணுக்கே திருப்பித் தருவதுதான் வேர் மட்குதல். எத்தனை வகைச் செடி என்பதோடு, எந்த வகைச் செடி என்பதையும் பார்க்க வேண்டும்.

எருக்குழியில் கீரைத்தண்டையும் தேங்காய் நாரையும் சேர்த்துப் போடுங்கள். தண்டு சில வாரத்தில் கரைந்துவிடும். நார் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். நாரை விறைப்பாக வைத்திருக்கும் லிக்னின்தான் காரணம். வேரிலும் அதே கதை.

ஜெர்மனியின் ஜேனா நகரில் 2002 முதல் நடக்கும் புல்வெளிச் சோதனையில், ஒரே இனத்திலிருந்து 60 இனம் வரை பாத்தி பாத்தியாக விதைத்திருக்கிறார்கள். புல் சேர்ந்த பாத்திகளில் வேரின் லிக்னின் கூடி, மட்குவது தாமதித்தது. குளோவர் போன்ற பயறுவகைச் செடி சேர்ந்தபோது வேகம் பிடித்தது. இனங்களின் எண்ணிக்கை கூடக்கூட வேகம் குறைந்தது. பலரும் எதிர்பார்ப்பது இதற்கு நேர்மாறாகத்தான்.

இதை அளக்க, வேரைக் கழுவி உலர்த்தி எடைபோட்டு, வலைப்பையில் கட்டிப் புதைத்து, சில மாதம் கழித்து மறுபடி எடைபோடுவார்கள். எடுத்த பையில் மண் ஒட்டியிருந்தால் கணக்கு தப்பும். வலைக்கண் மிகச் சிறிதானால் மண்புழு நுழையாது, வேகம் குறைவாகவே தெரியும்.

வேர் மெதுவாக மட்கினால் மண் கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். அத்தனை காலமும் வேரிலுள்ள கார்பன் மண்ணுக்குள்ளேயே இருக்கிறது.