இரண்டில் வைத்துக் கேட்டால் எல்லா ஆம்ப்பும் கிளீன்தான்

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் சர்ச் பாட்டுக்குழுவில் எட்டு வருடமாக கிட்டார் வாசிக்கிறேன். டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸும் உண்டு. திருவனந்தபுரத்தில் ஒருவர் பழைய ஃபெண்டர் டீலக்ஸ் ரிவர்ப் டியூப் ஆம்ப் (பழைய ரேடியோ மாதிரி வால்வில் ஓடுவது) விற்கிறார், ‘கிளீன் அடிபொளி’ என்கிறார், வீடியோவும் அனுப்பினார். நேரில் போனால் கிளீன் டோன், அதாவது கலங்காமல் தெளிவாக வரும் சத்தம், நல்லதா இல்லையா என்று எப்படி முடிவு செய்வது?

பதில்: தம்பி, முதலில் அந்த வீடியோவை மறந்துவிடுங்கள். போன் மைக் சத்தத்தைத் தானாகவே கூட்டிக் குறைத்துச் சமன் செய்துவிடும். மெல்லத் தட்டியதும் ஓங்கி அடித்ததும் அதில் ஏறக்குறைய ஒன்றுபோலக் கேட்கும், ஆனால் கிளீன் டோனில் நாம் கேட்க வேண்டியதே அந்த வித்தியாசத்தைத்தான்.

இது நான் பணம் கொடுத்துப் படித்த பாடம். பல வருடங்களுக்கு முன் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து, வால்யூமை இரண்டில் வைத்து ஓர் ஆம்ப்பை வாசித்துப் பார்த்தேன். மணி அடித்தது போல இருந்தது, அன்றைக்கே வாங்கிவிட்டேன். அடுத்த வாரம் திறந்தவெளிக் கன்வென்ஷனில் டிரம்ஸும் கீபோர்டும் சேர்ந்தபோது என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. ஆறுக்குத் திருப்பினேன். முதல் கார்டிலேயே கீழ்க்கம்பிகள் எல்லாம் ஒன்றோடொன்று குழம்பி, பாடுகிற அக்காமார் சுருதி எது என்று தெரியாமல் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஆம்ப்பில் ஒரு கோளாறும் இல்லை. நான் வாசிக்கப் போகிற சத்தத்தில் அதைக் கேட்டுப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

டீலக்ஸ் ரிவர்ப் 22 வாட்ஸ். இரண்டு 6வி6 டியூப், ஒரு 12 அங்குல ஸ்பீக்கர். டிரம்ஸ் இல்லாத கூட்டத்துக்குத் தாராளம். நன்றாக ஓங்கி அடிக்கிற டிரம்மர் பக்கத்தில் இருந்தால், வால்யூம் நான்கைத் தாண்டும்போதே ஓரம் கலங்க ஆரம்பிக்கும், சிக்னலைப் பலமாக அனுப்பும் ஹம்பக்கர் பிக்கப் உள்ள கிட்டார் என்றால் அதற்கும் முன்பே. இன்னொன்று முக்கியம். அந்த ஆம்ப்பின் வைப்ரேட்டோ (சத்தத்தை அலையலையாக ஆட்டுவது) சானலில் வால்யூம் குமிழோடு 47 பிகோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று சேர்ந்தே இருக்கும். வால்யூம் குறைவாக இருக்கும்போது அது ட்ரெபிளை மட்டும் கூடுதலாக உள்ளே விடும், வால்யூம் ஏற ஏற அதன் வேலை மறைந்துவிடும். அதாவது இரண்டில் நீங்கள் கேட்கிற அந்தப் பளபளப்பு ஐந்தில் இருக்கவே இருக்காது, அங்கே கேட்பது வேறொரு டோன். அறையில் இரண்டில் வைத்துக் கேட்டு விலை பேசுகிறவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

சரி, போகும்போது உங்கள் சொந்த கிட்டாரையும் சொந்த கேபிளையும் கொண்டுபோங்கள். பத்து மீட்டர் கேபிள் மூன்று மீட்டர் கேபிளைவிட ட்ரெபிளைக் கூடுதலாக விழுங்கும், அவருடைய கேபிளில் கேட்டால் உங்கள் டோன் உங்களுக்குத் தெரியாது. ஆம்ப்பை ஆன் செய்து பதினைந்து நிமிடமாவது சூடாக விடுங்கள், விற்கிறவர் சாயா வாங்கிக் கொடுத்தால் குடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருங்கள். ரிவர்ப்பும் (எதிரொலி) வைப்ரேட்டோவும் சைபரில் இருக்கட்டும். ரிவர்ப் கொஞ்சம் இருந்தால் எந்த மோசமான டோனும் அழகாகத் தெரியும். பேஸ், ட்ரெபிள் இரண்டையும் பாதியில் வையுங்கள்.

முதலில் ஒரு கம்பியை மட்டும் மெல்லத் தட்டி, அது தானாக அடங்கும்வரை கையை எடுக்காமல் கேளுங்கள். அடங்கும் அந்தக் கடைசிப் பகுதியில் கரகரவென்று பிசிறு வந்தால் பவர் டியூப்களுக்கு பயாஸ் (சும்மா இருக்கும்போது அவற்றில் ஓடும் கரண்டின் அளவு) சரியாக வைக்கப்படவில்லை என்று சந்தேகப்படலாம், இல்லையென்றால் ஸ்பீக்கர் கோன் எங்கோ உரசுகிறது. அப்புறம் பன்னிரண்டாவது ஃபிரெட்டுக்கு மேலே போய் ஒற்றை நோட்டாக அழுத்தி வாசியுங்கள். நோட்டுக்கு அடியில் சுருதி சேராத இன்னொரு நோட்டு ஆவி மாதிரி கூடவே வந்தால் கரண்டின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்கிற ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் போய்விட்டன. நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் கரண்டில் அந்த 100 ஹெர்ட்ஸ் அலை நோட்டோடு கலந்து வருவதுதான் அது. மாற்றிவிடலாம், பயப்பட வேண்டாம், ஆனால் அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

இதெல்லாம் ஆனதும் வால்யூமை நீங்கள் சர்ச்சில் வைக்கிற அளவுக்கு ஏற்றுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தாலும் பரவாயில்லை, இதைச் செய்யாமல் வாங்காதீர்கள். முழு ஈ கார்டை மெல்ல, நடுத்தரமாக, ஓங்கி என்று மூன்று விதமாக அடியுங்கள். மூன்றுக்கும் ஒரே மாதிரி பதில் சொல்கிற ஆம்ப் எனக்கு வேண்டாம். நல்ல டியூப் கிளீன் என்பது மெல்லத் தட்டினால் கண்ணாடி மாதிரி, ஓங்கி அடித்தால் சத்தம் கூடுவதோடு லேசாக உருண்டு திரண்டும் வருவது, ஆனாலும் கார்டுக்குள் ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கேட்பது. இரண்டு கம்பிகளை மட்டும் சேர்த்து வாசித்துப் பாருங்கள். நடுவில் உங்கள் விரல் வாசிக்காத மூன்றாவது ஒரு முனகல் கேட்டால், அங்கேயே கிளீன் முடிந்துவிட்டது என்று அர்த்தம். அந்த இடம் வால்யூமில் எத்தனையாவது எண் என்று குறித்துக்கொள்ளுங்கள். வாங்குவதா வேண்டாமா என்பதை அந்த எண்தான் சொல்லும்.

முதலில் கலங்குவது எப்போதும் பேஸ்தான், ஆம்ப்பின் சக்தியைப் பெரிதும் கேட்பது அதுதான். பேஸை மூன்றுக்கு இறக்கினால் இன்னும் கொஞ்ச தூரம் கிளீனாக ஏறலாம். இரண்டாவது இன்புட் ஜாக்கில் செருகினால் 6 டெசிபல் குறையும், அதுவும் உதவும். கேட்கும்போது ஸ்பீக்கருக்கு நேர் எதிரே குனிந்து நிற்காதீர்கள், அங்கே ட்ரெபிள் ஊசி மாதிரி இருக்கும். நாலைந்து அடி தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் நின்று கேளுங்கள். கூட ஒரு நண்பரை அழைத்துப் போய் அவரை வாசிக்கச் சொல்லிக் கேட்பது இன்னும் நல்லது, கை வாசிக்கும்போது காது பாதிதான் வேலை செய்யும்.

அப்புறம், ‘எவ்வளவு ஓங்கி அடித்தாலும் கலங்கவே கூடாது’ என்பதுதான் உங்கள் தேவை என்றால் டியூப் ஆம்ப்பே தேவையில்லை. ரோலண்ட் ஜேசி-120 இருக்கிறது, 1975இல் வந்த டிரான்சிஸ்டர் ஆம்ப், இன்றைக்கும் கிளீனுக்கு அளவுகோல். அதை வாங்குவதில் ஒரு குறைவும் இல்லை. டியூப் வேண்டுமென்றால் ட்வின் ரிவர்ப் உண்டு, நான்கு 6எல்6, 85 வாட்ஸ். ஆனால் கேரல் ரவுண்ட்ஸுக்கு வேனில் ஏற்றி இறக்க வேண்டியது ஏறக்குறைய 29 கிலோ. அதோடு 22 வாட்ஸிலிருந்து 85க்குப் போனால் சத்தம் நாலு மடங்கு ஆகாது, 6 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்கு என்று தோன்றவே 10 டெசிபல் வேண்டும். என்னைக் கேட்டால், உங்கள் டீலக்ஸ் நான்குவரை கிளீனாக வந்தால் வாங்கிவிட்டு, அதன் முன்னால் ஒரு மைக்கை வைத்து சர்ச் சவுண்டில் கொடுங்கள்.

கேள்வி: களியக்காவிளை. மாமா அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த டியூப் ஆம்ப், 120 வோல்ட். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டுத்தான் வாசிக்கிறேன். வீட்டில் ராத்திரி அருமையாக இருக்கிறது, ஞாயிறு காலை ஆராதனையில் அதே செட்டிங்கில் மந்தமாகக் கலங்குகிறது, உறுமலும் வருகிறது. டியூப் போய்விட்டதா?

பதில்: டியூப்பைக் கழற்றுவதற்கு முன் மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு சர்ச்சுக்குப் போங்கள். எல்லா மின்விசிறியும் மைக்செட்டும் ஓடும்போது, நீங்கள் செருகுகிற அதே பிளக்கில் எத்தனை வோல்ட் என்று பாருங்கள். பெரும்பாலும் தூரத்து அறையிலிருந்து நீளமான, மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயர் இழுத்திருப்பார்கள். 230 வரவேண்டிய இடத்தில் 200 வந்தால் டியூப்பின் ஹீட்டருக்கு வேண்டிய 6.3 வோல்ட் ஏறக்குறைய 5.5 ஆகிவிடும், அது தாங்கும் எல்லைக்கும் கீழே. உள்ளே இருக்கிற உயர் வோல்ட்டேஜும் அதே விகிதத்தில் இறங்கும், கிளீனாக ஏற இடம் சுருங்கிவிடும். இதற்கு ஆம்ப்பை நொந்து பயனில்லை. தடிமனான ஒயர் போடுங்கள், முடிந்தால் நல்ல ஸ்டெபிலைசர்.

உறுமலுக்கு ஒரு எளிய சோதனை. வால்யூமைச் சைபரில் வையுங்கள். அப்போதும் உறுமினால் பவர் பகுதியில் வேலை இருக்கிறது. வால்யூமைக் கூட்டும்போதுதான் கூடுகிறது என்றால் கிட்டார், கேபிள், பக்கத்து டியூப்லைட் சோக், எர்த் இல்லாத பிளக், இவற்றைப் பாருங்கள். எர்த் சரியில்லாத இடத்தில் வாசிக்கவே வாசிக்காதீர்கள், மைக்கில் உதடு பட்டால் ஷாக் அடிக்கும். இன்னொரு விஷயம், ஆம்ப்பின் சொந்த டிரான்ஸ்ஃபார்மர் அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸ் கரண்டுக்கு மட்டும் செய்ததாக இருந்தால் நம் 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகச் சூடாகும். ஒரு மணி நேரம் வாசித்த பிறகு கையை அருகில் கொண்டுபோனாலே சுடுகிறதா பாருங்கள், சுட்டால் 50 ஹெர்ட்ஸுக்கு ஏற்றதாக மாற்றித் தரச்சொல்லி வால்வு ரேடியோ காலத்து வேலை தெரிந்த ஒரு டெக்னீஷியனிடம் கொடுங்கள். நீங்களே திறக்க வேண்டாம். ஆஃப் செய்து பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் 400 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம், அது ஆளைக் கொல்லும்.

கேள்வி: குலசேகரம். ப்ரீஆம்ப் டியூப்பை (கிட்டார் சிக்னலை முதலில் பெருக்குகிற சின்ன டியூப்) மாற்றினால் கிளீன் கூடுமா?

பதில்: கூடும், ஓரளவு. 12ஏஎக்ஸ்7 டியூப்பின் பெருக்கம் 100, அதே இடத்தில் 5751 போட்டால் 70, 12ஏடி7 என்றால் 60. குமிழ் இன்னும் கொஞ்சம் தூரம் திரும்பிய பிறகு கலங்கும், ஆனால் மொத்தத்தில் ஆம்ப்பின் சத்தம் கூடாது, பவர் டியூப் அதேதான். எனக்கு இதைவிட ஸ்பீக்கர் மாற்றுவது நல்ல செலவாகப் படுகிறது. ஒரு வாட்டுக்கு 97 டெசிபல் தருகிற ஸ்பீக்கரை எடுத்துவிட்டு 100 டெசிபல் தருவதைப் போட்டால், ஆம்ப்பின் வாட்ஸை இரண்டு மடங்காக்கியதற்குச் சமம். ஓம்ஸ் எண் பழையதற்கு ஒத்துப்போக வேண்டும். ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிவைத்து ஆம்ப்பை ஆன் செய்யாதீர்கள், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

கேள்வி: கருங்கல்லிலிருந்து ஒரு சகோதரி. ரிகர்சலில் நிறைவாக இருக்கிற டோன், வீட்டில் குழந்தை தூங்கும்போது மெல்ல வாசித்தால் தகரம் மாதிரி இருக்கிறதே?

பதில்: அது உங்கள் காது செய்கிற வேலை, சகோதரி. சத்தம் குறையும்போது நம் காதுக்கு பேஸ் மற்றதைவிட வேகமாகக் குறைந்து கேட்கும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933லேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். வீட்டில் பேஸைக் கொஞ்சம் கூட்டி, ட்ரெபிளை இறக்கி வாசியுங்கள். ரிகர்சலுக்குப் போகும்போது அந்த செட்டிங்கை அப்படியே கொண்டுபோகாதீர்கள், அங்கே பேஸ் குழம்பும். வீட்டுக்கு ஒன்று, சர்ச்சுக்கு ஒன்று என்று இரண்டு செட்டிங்கையும் ஒரு சின்னச் சீட்டில் எழுதி ஆம்ப்பின் பின்பக்கம் ஒட்டிவையுங்கள்.