எந்த ஷெல்லில் எந்த முள்?

பழைய டர்ன்டேபிள்களின் ஹெட்ஷெல் (ஆர்ம் என்ற கையின் நுனியில் மாட்டும் தாங்கி, சுருக்கமாக ஷெல்), அதில் திருகும் கார்ட்ரிட்ஜ் (முள்ளின் அசைவை மின் சிக்னலாக்கும் பகுதி), ஸ்டைலஸ் (முள்) பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

கேள்வி: டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். கார்ட்ரிட்ஜ் இல்லை, ஹெட்ஷெல் மட்டும் இருக்கிறது. ஆர்டோஃபோன் 2எம் ரெட் போடு என்கிறார் ஒருவர். ஆடியோ-டெக்னிகா விஎம்95இ போதும் என்கிறார் இன்னொருவர். கனமான ஹெட்ஷெல் மாற்றினால் பேஸ் கூடும் என்றும் சொல்கிறார்கள். எதை வாங்கட்டும்? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: முதலில், ஹெட்ஷெல்லுக்குக் காசு செலவழிக்காதீர்கள். கூட வந்ததே போதும். அந்தப் பணத்தை முள்ளில் போடுங்கள்.

காரணம் ஒரு கணக்கு. முள்ளைத் தாங்கும் மெல்லிய குழாயான கான்டிலீவர் ஒரு ரப்பரில் ஊன்றி நிற்கிறது. அந்த ரப்பர் ஒரு ஸ்பிரிங். ஆர்ம், ஷெல், கார்ட்ரிட்ஜ் மூன்றும் அதன் மேல் உட்கார்ந்திருக்கும் எடை. எடையும் ஸ்பிரிங்கும் சேர்ந்தால் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் தானாக ஆடும். அது 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் விழ வேண்டும். அதற்குக் கீழே போனால் ரெக்கார்டின் வளைவும் தரையில் நடக்கும் அதிர்வும் அதைக் கிளப்பிவிடும். பாட்டே இல்லாத இடத்திலும் வூஃபர் முன்னும் பின்னும் துடிக்கும். மேலே போனால் பாட்டின் அடிஸ்தாயியைத் தொட்டுவிடும்.

ஆர்மின் செயல் எடை (அசையும்போது முள்ளின் இடத்தில் உணரப்படும் எடை), ஷெல், கார்ட்ரிட்ஜ், திருகுகள் எல்லாவற்றையும் கிராமில் கூட்டுங்கள். அதைக் கார்ட்ரிட்ஜின் கம்ப்ளையன்ஸால் (அந்த ரப்பர் ஸ்பிரிங் எவ்வளவு நெகிழும் என்ற எண்) பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 159-ஐ அதால் வகுங்கள். உங்கள் ஆர்ம் 7.5 கிராம் ஷெல்லோடு சேர்த்து 12 கிராம். 2எம் ரெட் 7.2 கிராம், திருகுகளுக்கு 1 கிராம், ஆக 20.2. அதன் கம்ப்ளையன்ஸ் 20. விடை 7.9 ஹெர்ட்ஸ்: கீழ் விளிம்பு. இதே கார்ட்ரிட்ஜை 13 கிராம் ஷெல்லில் மாட்டினால் 7 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். பேஸ் கூடியதுபோலத் தோன்றும். கூடியது பாட்டின் பேஸ் அல்ல, ஆர்மின் ஆட்டம்.

விஎம்95இ-யின் கம்ப்ளையன்ஸ் 7 என்று போட்டிருப்பார்கள். அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஜப்பானிய நிறுவனங்கள் பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸில் அளந்து தருகின்றன; நம் கணக்குக்கு 10 ஹெர்ட்ஸ் அளவு வேண்டும். 1.7 முதல் 2 வரை பெருக்கினால் ஏறத்தாழ 13 வரும். 6.1 கிராம் எடையோடு கணக்குப் போட்டால் 10 ஹெர்ட்ஸ், நட்ட நடுவில்.

அதனால் எங்கள் சிபாரிசு விஎம்95. இன்னொரு லாபமும் உண்டு. கூம்பு, எலிப்டிகல், மைக்ரோலைன், ஷிபாட்டா என்று வெவ்வேறு முனை வடிவ முட்கள், 78 ஆர்பிஎம் தட்டுக்கான முள் எல்லாமே இந்த ஒரே உடம்பில் செருகிக்கொள்ளும். முள்ளின் ஆயுளாக அந்த நிறுவனம் சொல்லும் கணக்கு: எலிப்டிகல் 300 மணி, கூம்பு 500, ஷிபாட்டா 800, மைக்ரோலைன் 1000. கையில் காசு இருந்தால் நேராக மைக்ரோலைனுக்கே போங்கள். தட்டின் உள்பக்கப் பாட்டுகளில் வித்தியாசம் நன்றாகவே தெரியும். 2எம் ரெட்டிலும் பிற்பாடு 2எம் ப்ளூ முள்ளைச் செருகலாம்; அதையே வாங்கினாலும் தப்பில்லை, இருக்கிற லேசான ஷெல்லிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

மாட்டும்போது ஷெல்லை ஆர்மிலிருந்து கழற்றி மேசையில் வைத்துச் செய்யுங்கள். முள்ளின் காப்பு மூடி கடைசிவரை இருக்கட்டும். வயர் நிறங்கள்: வெள்ளை இடது சிக்னல், நீலம் இடது கிரவுண்ட், சிவப்பு வலது சிக்னல், பச்சை வலது கிரவுண்ட். வயர் நுனியிலுள்ள கிளிப்பின் உலோகக் கழுத்தை மெல்லிய சாமணத்தால் பிடித்து, கார்ட்ரிட்ஜின் பின்பக்கம் நீட்டியிருக்கும் உலோகப் பின்னில் தள்ளுங்கள். வயரைப் பிடித்துத் தள்ளினால் கிளிப்பின் வாயில் வயர் அறுந்துவிடும். கிளிப் இறுக்கமாக இருந்தால் பல்குச்சி முனையை உள்ளே விட்டு விரியுங்கள். தொளதொளவென்றால் பல்குச்சியை உள்ளே வைத்துக்கொண்டே வெளியிலிருந்து லேசாக நசுக்குங்கள். பின்னில் நேரடியாகச் சால்டரிங் வைக்கவே கூடாது. சூடு உள்ளே போய் மயிரிழைச் சுருளின் இணைப்பை அவிழ்த்துவிடும்.

2.5 மி.மீ. திருகுகள், இடைவெளி 12.7 மி.மீ. கார்ட்ரிட்ஜ் நகரும் அளவுக்கு மட்டும் முடுக்குங்கள். ஷெல்லின் பின்பக்கம் ரப்பர் வாஷர் உட்காரும் விளிம்பிலிருந்து முள் நுனி வரை 52 மி.மீ. இருந்தால், இந்த ஆர்முக்கு வேண்டிய 15 மி.மீ. ஓவர்ஹேங் (தட்டின் நடு அச்சைத் தாண்டி முள் நுனி நீளும் தூரம்) வந்துவிடும். பக்கவாட்டில் கோணல் இல்லாமல் பார்த்து, இரண்டு திருகையும் மாற்றி மாற்றிக் கால் சுற்றாக முடுக்குங்கள். பிறகு ஆன்டி-ஸ்கேட்டிங்கை (ஆர்ம் உள்பக்கம் இழுபடுவதை ஈடுகட்டும் அமைப்பு) பூஜ்யத்தில் வைத்து ஆர்மை மிதக்கவிட்டு, எடை வளையத்தைப் பூஜ்யமாக்கி, முள் தட்டை அழுத்தும் எடையை 2 கிராமுக்கு (2எம் ரெட் என்றால் 1.8) திருப்புங்கள். டிஜிட்டல் தராசில் ஒருமுறை சரிபார்த்துவிட்டு ஆன்டி-ஸ்கேட்டிங்கையும் அதே எண்ணில் வையுங்கள். ரெக்கார்டு மேல் முள் நிற்கும்போது பக்கத்திலிருந்து பார்த்தால் ஆர்ம் தட்டுக்கு இணையாக இருக்க வேண்டும். உயரம் மாற்றும் வளையம் ஆர்மின் அடியில் இருக்கிறது.

கேள்வி: ஹெட்ஷெல் மாற்றியதிலிருந்து வலது ஸ்பீக்கரில் சத்தமே இல்லை. சில சமயம் 'ஊம்' என்று இரைகிறது. கார்ட்ரிட்ஜ் போய்விட்டதா? (திருச்சி வாசகர்)

பதில்: அனேகமாக இல்லை. ஷெல்லைக் கழற்றி அதன் நான்கு பின்களைப் பாருங்கள். கறுத்திருந்தால் பென்சில் அழிப்பானால் தேய்த்து, ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சு முனையால் துடையுங்கள். ஆர்முக்குள் இருக்கும் நான்கு ஸ்பிரிங் முனைகளையும் அதே பஞ்சால் துடையுங்கள். அவற்றில் ஒன்று உள்ளேயே சிக்கி நின்றால் தீக்குச்சியால் நாலைந்து தரம் அழுத்தி விடுவியுங்கள். கார்ட்ரிட்ஜின் பின்பக்கக் கிளிப்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மறுபடி மாட்டுங்கள்.

அதற்கும் சரியாகவில்லையென்றால் ஒரு சோதனை. ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு, கார்ட்ரிட்ஜ் பின்னில் வெள்ளை–நீல ஜோடியையும் சிவப்பு–பச்சை ஜோடியையும் இடம் மாற்றுங்கள். மௌனம் இடது ஸ்பீக்கருக்குத் தாவினால் கோளாறு கார்ட்ரிட்ஜில். வலதிலேயே நின்றால் ஷெல் வயர், ஆர்ம், கேபிள், ஆம்ப்ளிஃபயர் என்று வரிசையாகப் பின்னால் தேடிப் போங்கள். இரைச்சலுக்குப் பெரும்பாலும் கிரவுண்ட் கிளிப் சரியாக உட்காராததே காரணம்.

கேள்வி: வீட்டில் பழைய 78 ஆர்பிஎம் தட்டுகள் நிறைய இருக்கின்றன. என் டர்ன்டேபிளில் 78 வேகம் உண்டு, ஹெட்ஷெல் கழற்றி மாட்டும் வகை. எல்பி-க்குப் போடும் முள்ளாலேயே இவற்றையும் போடலாமா? (யாழ்ப்பாணம் வாசகர்)

பதில்: கூடாது. எல்பி முள்ளின் நுனி ஆரம் ஏறத்தாழ 18 மைக்ரான். 78 தட்டின் பள்ளத்துக்கு 65 முதல் 76 மைக்ரான் வேண்டும். சின்ன முள் பள்ளத்தின் அடியில் போய் விழுந்து, சுவரைத் தொடாமல் அங்கே சேர்ந்திருக்கும் அழுக்கின் மேல் உரசிக்கொண்டு போகும். உங்களுக்குக் கேட்பது அந்த உரசல்தான். மாறாக 78 முள்ளை எல்பியில் வைத்தால் பள்ளத்துக்குள் இறங்காமல் விளிம்பை நாசமாக்கும். கைவிசை கிராமபோனின் எஃகு முள்ளை மின்சாரப் பிளேயர் பக்கமே கொண்டுவராதீர்கள்.

நல்ல வழி இரண்டு ஹெட்ஷெல். ஒன்றில் எல்பி கார்ட்ரிட்ஜ், இன்னொன்றில் 78. ஆர்டோஃபோன் 2எம் 78-இன் முள் 65 மைக்ரான், தட்டை அழுத்த வேண்டிய எடை 1.8 கிராம்தான். 2எம் ரெட்டும் அதே எடையில் ஓடும் என்பதால், இரண்டையும் ஒரே மாதிரி ஷெல்களில் மாட்டினால் ஷெல்லை மாற்றியதும் அநேகமாக அப்படியே போட்டுவிடலாம். ஒருதரம் தராசில் பார்த்துக்கொள்ளுங்கள். விஎம்95-இன் 78 முள் 76 மைக்ரான். அதற்கு 5 கிராம் வேண்டும். பல ஆர்ம்களின் எடை வளையத்தில் அவ்வளவு அளவு இருக்காது, தராசு இல்லாமல் வைக்க முடியாது.

இரண்டில் எது? தட்டைப் பொறுத்தது. எஃகு முள்ளால் பல வருஷம் தேய்ந்த தட்டில், தேய்மானம் பள்ளத்துச் சுவரில் ஒரு குறிப்பிட்ட உயரத்தில் இருக்கும். அதற்கு மேலோ கீழோ தொடும் முள் தேயாத இடத்தைப் படிக்கும். ஒரே பாட்டு 65 மைக்ரானில் கரகரத்து, 76-இல் தெளிவாகக் கேட்பதும் உண்டு. தலைகீழாக நடப்பதும் உண்டு. இந்தியாவில் 78 தட்டுகள் 1960-களின் கடைசி வரை வந்துகொண்டிருந்தன. பிந்தைய தட்டுகள் குறைவாக ஓடியிருந்தால் எந்த முள்ளிலும் நன்றாகவே பாடும்.

ஆம்ப்ளிஃபயரில் மோனோ பட்டன் இருந்தால் அழுத்துங்கள். 78-இல் இசை பக்கவாட்டு அசைவில் மட்டும் இருக்கிறது. மேல்-கீழ் அசைவில் வருவது எல்லாம் இரைச்சல். மோனோவில் அது அடிபட்டுப் போகும். சுத்தம் செய்ய ஆல்கஹால் உள்ள திரவம் எதையும் தொடாதீர்கள். அரக்கு ஆல்கஹாலில் கரையும். காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டு மென்மையான சோப்புத் திரவம் போதும். லேபிள் நனையக் கூடாது.

கேள்வி: அப்பாவின் ஷூர் வி15 டைப் III கார்ட்ரிட்ஜ் இருக்கிறது. முள் மட்டும் தேய்ந்திருக்கிறது. பெட்டி பிரிக்காத பழைய ஒரிஜினல் முள் ஒன்று அதிக விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா? (சென்னை வாசகர்)

பதில்: அப்பாவின் கார்ட்ரிட்ஜை விட்டுவிடாதீர்கள், அதன் உடம்பு இன்றும் முதல் தரம். ஆனால் பெட்டி பிரிக்காத முள்ளுக்கு அதிக விலை தராதீர்கள். வைரம் கெடாது, ரப்பர் கெடும். பெட்டிக்குள் சும்மா கிடந்தாலும் சில ரப்பர் கெட்டியாகிவிடும், சில இளகிவிடும். கெட்டியானால் சத்தமான இடங்களில் முள் பள்ளத்தை விட்டு எகிறிக் கரகரக்கும். இளகினால் கார்ட்ரிட்ஜின் வயிறு தட்டில் உரசும். விற்பவர் முள்ளைத் தட்டில் வைத்துப் பாடவிட்டுக் காட்டினால் மட்டும் யோசியுங்கள்.

ஷூர் நிறுவனம் ஃபோனோ கார்ட்ரிட்ஜ் தயாரிப்பை 2018-இல் நிறுத்திவிட்டது. ஜப்பானின் ஜிகோ இந்தக் கார்ட்ரிட்ஜுக்குப் புது முள் செய்கிறது; புது ரப்பரோடு வரும் அதுவே எங்கள் தேர்வு. அழுத்தும் எடையைப் பொறுத்தவரை ஒரிஜினல் முள்ளுக்கு 0.75 முதல் 1.25 கிராம், புது முள்ளுக்கு அதன் தாளில் உள்ளபடி வையுங்கள். இது மிகவும் நெகிழ்வான கார்ட்ரிட்ஜ், லேசான ஷெல்தான் ஏற்கும். ஃபோனோ ஸ்டேஜ் (கார்ட்ரிட்ஜின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் பகுதி) பக்கம் கேபிளோடு சேர்த்து 400 முதல் 500 பிகோஃபாராட் கப்பாசிட்டன்ஸ் (மின்தேக்கத் திறன்) கேட்கும். இன்றைய ஃபோனோ ஸ்டேஜ் பலவற்றில் அதில் பாதிகூட இராது. அப்போது மேல்ஸ்தாயி சீராக வராது. ஆடியோ-டெக்னிகா விஎம்95-க்கு 100 முதல் 200 போதும் என்பதால், ஒன்றுக்கு வைத்த அமைப்பை மற்றதற்கு அப்படியே வைக்காதீர்கள்.

கேள்வி: பெட்டி வடிவிலான பழைய போர்ட்டபிள் பிளேயர். சத்தம் மிக மெல்லியதாக வருகிறது. நல்ல மேக்னெட்டிக் கார்ட்ரிட்ஜ் மாட்டிவிடலாமா? (நாகப்பட்டினம் வாசகர்)

பதில்: வேண்டாம். அந்தப் பிளேயரின் ஆம்ப்ளிஃபயர் சில நூறு மில்லிவோல்ட் எதிர்பார்க்கிறது. மேக்னெட்டிக் கார்ட்ரிட்ஜ் தருவது 4, 5 மில்லிவோல்ட். ஆர்மின் உராய்வும் 2 கிராமில் ஓட விடாது. ரெக்கார்டு உட்காரும் சுழல்தட்டு இரும்பாக இருந்தால் கார்ட்ரிட்ஜின் காந்தம் அதை நோக்கி இழுபட்டு எடை கூடும்.

சத்தம் குறைந்ததற்குக் காரணம் கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கலாம். பழைய கிரிஸ்டல் கார்ட்ரிட்ஜ்களில் இருப்பது ரோஷல் உப்பு. வெப்பமும் ஈரமும் அதற்கு எமன்; உங்கள் ஊர்க் கடற்காற்றில் சும்மா இருந்தாலே செத்துவிடும். செராமிக் வகைக்கு இந்தத் தொல்லை இல்லை. அதே அளவில் ஒரு செராமிக் கார்ட்ரிட்ஜ் வாங்குங்கள், முனை வைரமா என்று கேட்டு வாங்குங்கள். சஃபையர் முனை சில பத்து மணி நேரத்திலேயே தேய்ந்துவிடும். முள்ளைத் திருப்பும் சிறு நெம்புகோல் இருந்தால் ஒரு பக்கம் எல்பி, மறுபக்கம் 78. போடும் முன் எந்தப் பக்கம் கீழே என்று பார்த்துவிடுங்கள்.

கேள்வி: 1980-களின் லீனியர் டிராக்கிங் பிளேயரில் (ஆர்ம் வளைந்து திரும்பாமல் நேர்கோட்டில் நகரும் வகை) ஹெட்ஷெல்லே இல்லை. என்ன கார்ட்ரிட்ஜ்? (மதுரை வாசகர்)

பதில்: டி4பி வகை. ஆர்முக்குள் நேரே செருகி ஒரே ஒரு திருகு போடுவது. 6 கிராம் எடை, 1.25 கிராம் அழுத்தம் என்று தரப்படுத்திய வகை என்பதால் அளவெடுக்கும் வேலையே இல்லை. ஆனால் அதே உருவத்தில் 2, 3 கிராம் கேட்கும் மலிவு கார்ட்ரிட்ஜ்களும் விற்கின்றன. அவை உங்கள் பிளேயரில் ஓடாது. அட்டையில் 1.25 என்று போட்டிருக்கிறதா பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: முள் தேய்ந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது? (மதுரையிலிருந்தே இன்னொரு வாசகர்)

பதில்: தட்டின் கடைசிப் பாட்டில் 'ச', 'ஸ' ஒலிகளைக் கேளுங்கள். முதல் பாட்டில் சுத்தமாக இருந்து, கடைசியில் எச்சில் தெறிப்பதுபோல வந்தால் முதலில் முள்ளில் ஒட்டிய தூசைப் பாருங்கள். பின்னாலிருந்து முன்னால் மட்டும் பிரஷ்ஷால் தடவுங்கள். எதிர்த் திசையில் தடவினால் கான்டிலீவர் வளையும். அதற்குப் பிறகும் தெறித்தால், ஓவர்ஹேங் சரியாக இருக்கும் பட்சத்தில் முள் தேய்ந்துவிட்டது. 50 மடங்கு லென்ஸில், பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழும்படி வைத்துப் பார்த்தால் உருண்டை நுனியின் இருபுறமும் இரண்டு தட்டையான மினுக்கங்கள் தெரியும். அவற்றின் ஓரம் கூர்மையாகிவிட்டால் அது பள்ளத்தைச் செதுக்க ஆரம்பித்துவிட்டது என்று பொருள், அன்றே கழற்றிவிடுங்கள். எல்பி ஒரு பக்கம் 20 நிமிஷம் என்று வைத்தால், 300 மணி என்பது இரு பக்கமும் போட்ட 450 எல்பி. ஒரு நோட்டில் குறித்துவைத்தால் லென்ஸ் தேடும் வேலையே குறையும்.