விலை குறைந்த இ-ரீடர் வாங்கியாச்சு, அப்புறம்? வாசகர் கேள்விகள்

பண்டிகைத் தள்ளுபடி முடிந்து இரண்டு வாரம் ஆனதும் இந்தப் பகுதிக்கு ஒரே ராகத்தில் கடிதங்கள் வரும். மின்னூல் படிக்கும் கருவியான இ-ரீடர், அதிலும் ஆறு அங்குலத் திரை, இருப்பதிலேயே மலிவான மாடல், "நினைத்த மாதிரி இல்லையே" என்ற வருத்தம். அதில் பாதி வருத்தத்துக்குக் காரணம் கருவியே அல்ல, அதற்குள் ஏற்றிய கோப்புதான். இந்த முறை வந்தவற்றில் சில.

பக்கம் திருப்பினால் திரை கறுப்பாக ஒருமுறை மின்னுகிறது. சில சமயம் முந்தைய பக்கத்து எழுத்துகள் நிழலாகத் தெரிகின்றன. திருப்பிக் கொடுத்துவிடலாமா? (வாசகி, தஞ்சாவூர்)

வேண்டாம், இ-இங்க் திரையின் சுபாவமே அதுதான். திரைக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்குமிழ்கள் நிறைந்திருக்கும். ஒவ்வொரு குமிழிலும் எதிரெதிர் மின்னூட்டம் கொண்ட வெள்ளைத் துகள்களும் கறுப்புத் துகள்களும் திரவத்தில் மிதக்கும். மின்புலம் மாறும்போது ஒன்று மேலே வரும், மற்றது கீழே போகும். இப்படித் துகள் நகர்ந்துதான் எழுத்து உருவாகிறது. சில துகள்கள் முழுதாக நகராமல் தங்கிவிடுவதுதான் நீங்கள் பார்க்கும் நிழல். அதைத் துடைக்கவே அந்த மின்னல். அமைப்புகளுக்குள் போனால், ஒவ்வொரு பக்கத்துக்கும் திரையைப் புதுப்பிக்கும் வசதி இருக்கும். நிழல் எரிச்சலூட்டினால் அதைப் போட்டுவிடுங்கள், மின்னல்தான் எரிச்சல் என்றால் அணைத்துவிடுங்கள். இரண்டும் வேண்டாமென்றால் காகிதப் புத்தகம்தான்!

தட்டச்சு செய்வது, கடையில் புத்தகம் தேடுவது எல்லாம் இதில் ஆமை வேகம்தான். அந்த வேலைகளை போனில் முடித்துக்கொண்டு, படிக்க மட்டும் ரீடரை எடுங்கள்.

தமிழ் மின்னூலகத்திலிருந்து பழைய நூல்களின் பிடிஎஃப் இறக்கினேன். எறும்பு மாதிரி எழுத்து. பெரிதாக்கினால் இடமும் வலமும் இழுத்தே கை வலிக்கிறது. பெரிய திரை வாங்கியிருக்க வேண்டுமோ? (ஆய்வு மாணவர், திருநெல்வேலி)

இந்தப் புலம்பலை நான் அதிகம் கேட்டிருக்கிறேன். ஆறு அங்குலம் என்பது மூலைக்கு மூலை அளவு. அகலம் வெறும் 91 மில்லிமீட்டர். ஏ4 தாளின் அகலம் 210. அதாவது பக்கம் 43 சதவீதமாகச் சுருங்குகிறது, 12 பாயின்ட் அளவு எழுத்து 5 பாயின்ட் ஆகிவிடுகிறது. யாராலும் படிக்க முடியாது.

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், இலங்கையின் நூலகம் நிறுவனம் போன்ற இடங்களில் கிடைப்பவை பெரும்பாலும் ஸ்கேன் செய்த பக்கங்கள். அவை படங்கள் என்பதால் எழுத்தின் அளவை மாற்ற வழியில்லை. ஆனால் பழைய நூல்கள் பல டெம்மி அளவில் வந்தவை, அகலம் சுமார் 140 மில்லிமீட்டர். சுற்றியுள்ள வெள்ளை ஓரத்தை வெட்டினால் அச்சுப் பகுதி 105 அளவில் நிற்கும். அப்போது சுருக்கம் 87 சதவீதம்தான், தாராளமாகப் படிக்கலாம். ஓரம் வெட்ட ப்ரிஸ் என்ற இலவச மென்பொருள் போதும்.

ஏ4 பக்கமாக இருந்தால் கே2பிடிஎஃப்ஆப்ட் என்ற மென்பொருளை முயன்று பாருங்கள். பக்கத்தின் படத்தைச் சொல் சொல்லாக நறுக்கி, சின்னத் திரைக்கு ஏற்றபடி வரிகளை மறுபடி அடுக்கும். எழுத்தை அது படிப்பதில்லை, இடைவெளியைப் பார்த்துத்தான் வெட்டுகிறது. அதனால் தமிழுக்கும் வேலை செய்கிறது. அட்டவணையும் அடிக்குறிப்பும் நிறைந்த ஆய்வு நூலென்றால் கொத்துக்கறியாகிவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அதே நூல் மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தில் யூனிகோடில், அதாவது எல்லாக் கருவிகளுக்கும் புரியும் பொது எழுத்துக் குறிமுறையில், இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 1998 முதல் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து ஏற்றி வருகிறார்கள். சங்க இலக்கியம், பக்தி நூல்கள் என்றால் ஸ்கேனோடு மல்லுக்கட்டவே தேவையில்லை. ஃப்ரீ தமிழ் இபுக்ஸ் தளம் ஒரே நூலை ஆறு அங்குல பிடிஎஃப்பாகவும் இபப் என்ற மின்னூல் கோப்பாகவும் தருகிறது. இபப்பை எடுங்கள், எழுத்தை வேண்டிய அளவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

நண்பர் அனுப்பிய இபப்பில் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தும் குறியும் தாறுமாறாக வருகின்றன. (வாசகர், யாழ்ப்பாணம்)

ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவை வைக்கும் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பை யாரோ அப்படியே இபப்பாக்கியிருக்கிறார். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கி, காலிபர் மென்பொருளில் மறுபடி இபப் செய்யுங்கள். உங்களுடையது அமேசானின் கிண்டில் ரீடர் என்றால் அந்த இபப்பை மின்னஞ்சலிலேயே அனுப்பலாம். 2022 முதல் ஏற்றுக்கொள்கிறது.

2019-இல் வந்த அடிப்படை கிண்டில் பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா? (கல்லூரி மாணவர், கோவை)

ஆங்கிலம் மட்டும் படிப்பவர் என்றால் யோசிக்காமல் வாங்கச் சொல்வேன். தமிழுக்குத் தயங்குகிறேன். அதன் திரையில் அங்குலத்துக்கு 167 பிக்சல்தான். 2022-இல் வந்த அடிப்படை மாடலுக்கு 300. தமிழில் மெய்யெழுத்தின் புள்ளி, ணகரத்தின் சுழிகள், ஞகரத்தின் வளைவு என்று நுணுக்கம் அதிகம். குறைந்த பிக்சலில், சின்ன அளவில், புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். எழுத்தை இரண்டு படி பெரிதாக்கினால் சரியாகிவிடும், ஆனால் பக்கத்துக்குப் பத்துப் பன்னிரண்டு வரிதான் நிற்கும். அது பரவாயில்லை என்றால் வாங்குங்கள். பணம் கொடுக்குமுன் பழைய உரிமையாளரின் கணக்கிலிருந்து கருவியை நீக்கச் சொல்லி, நீக்கியதைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். கையோடு ஒரு தமிழ்க் கோப்பையும் திறந்து, 'கொ', 'கௌ' எல்லாம் உடையாமல் வருகிறதா என்று பாருங்கள்.

சொற்களுக்கு நடுவே பெரிய பெரிய ஓட்டை விழுகிறது. (இல்லத்தரசி, மதுரை)

'பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு' என்று ஒரு சொல் வந்தால் பாதி வரி போய்விடும். ஆங்கிலத்தில் சொல்லைக் கோடு போட்டு உடைத்து அடுத்த வரிக்கு அனுப்பும் கருவிகள், தமிழில் பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. இரண்டு ஓரமும் நேராக நிற்க வேண்டுமென்பதற்காக இடைவெளியை இழுத்துவிடுகின்றன. எழுத்து அமைப்பில் இடது ஓரம் மட்டும் நேராக இருக்கும்படி மாற்றுங்கள். அந்த வசதி வேலை செய்யவில்லை என்றால், பதிப்பகம் கோப்புக்குள்ளேயே பூட்டிவைத்திருக்கிறது என்று அர்த்தம்.

ஆறு வாரம் பேட்டரி நிற்கும் என்றார்கள். எனக்கு ஒரே வாரம்தான். (ஓய்வுபெற்ற ஆசிரியர், சேலம்)

விளம்பரத்தின் பொடி எழுத்தைப் பாருங்கள் ஐயா. தினம் அரை மணி நேரம், வைஃபை அணைத்து, விளக்கு 13-ஆம் அளவில் என்ற கணக்கு அது. மொத்தம் 21 மணி நேரம். நீங்கள் தினமும் மூன்று மணி நேரம் படிப்பவராக இருந்தால் ஏழு நாள்தான் வரும். பேட்டரி நன்றாகவே இருக்கிறது, நீங்கள் நிறையப் படிக்கிறீர்கள்! ஏர்பிளேன் மோடில் வைத்தால் இன்னும் கொஞ்சம் நீளும். பகலில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் விளக்கே வேண்டாம்.

காசு கொடுத்து வாங்கிய மின்னூல்களைக் கணினியில் சேமித்து வைக்கலாமா? (வாசகர், சிங்கப்பூர்)

கிண்டிலில் 2025 பிப்ரவரி 26 முதல் அந்த வழி மூடப்பட்டுவிட்டது. பெரும்பாலான நூல்கள் கருவிக்கும் செயலிக்கும் மட்டுமே இறங்கும். நாம் வாங்குவது படிக்கும் உரிமத்தைத்தான். எனக்கு இது பிடிக்கவில்லை. அதனால் திரும்பத் திரும்பப் படிப்பேன் என்று தெரிந்த நூல்களை அச்சில்தான் வாங்குகிறேன்.

உறை அவசியமா? ரீடர் விலையில் கால்வாசி கேட்கிறார்கள். (கல்லூரி மாணவி, திருச்சி)

அவசியம். இந்தத் திரைகள் பலவற்றின் அடியில் மெல்லிய கண்ணாடித் தகடு இருக்கிறது. பஸ் நெரிசலில் பைக்குள் அழுந்தினால், வெளியே கீறல் கூட இல்லாமல் உள்ளே உடைந்து, பாதித் திரை கோடு கோடாக நின்றுவிடும். மலிவு மாடலுக்குத் திரை மாற்றும் செலவு கட்டுபடியாகாது. கம்பெனி உறைதான் வேண்டும் என்றில்லை, மூடி கெட்டியாக இருக்கும் எதுவும் போதும்.