ரோமில் உள்ள நிலத்தடிக் கல்லறைகளுக்கு அப்பா அம்மாவைக் கூட்டிப்போகலாமா? பயமாக இருக்குமா?

தாராளமாகக் கூட்டிப்போங்கள். மண்டையோடுகளை அடுக்கிவைத்த படங்களைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அது பாரிஸ். அங்கே 1780-களில் ஊர்க் கல்லறை நிரம்பி நாறியதால், பழைய சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் எலும்புகளைக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். ரோமில் நீங்கள் பார்க்கப்போவது பெரும்பாலும் காலி மாடங்கள்தான்.

நான் ராயபுரத்துக்காரன். எங்கள் பங்குக் கோயிலிலிருந்து திருப்பயணம் போனபோது ஆப்பியா என்ற பழைய ரோமானியச் சாலையில் இருக்கும் புனித கலிஸ்து நிலத்தடிக் கல்லறைக்குப் போனோம். அதைக் கவனித்துக்கொள்வது சலேசிய சபை, அதாவது நம்ம டான் பாஸ்கோ சாமியார்கள். அந்தக் கால ரோமானியச் சட்டப்படி நகர மதிலுக்குள் யாரையும் புதைக்கக் கூடாது. அதனால்தான் அன்றைய கிறிஸ்தவர்கள் புதைப்பதற்கு ஊருக்கு வெளியே சாலையோரம் வந்திருக்கிறார்கள். அங்கே எரிமலைச் சாம்பல் இறுகிய பாறை. வெட்டும்போது மென்மையாக இருக்கும், காற்றுப் பட்டதும் கெட்டியாகிவிடும். அந்தத் தைரியத்தில் நான்கு அடுக்கு, கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர் நீளத்துக்குத் தோண்டியிருக்கிறார்கள். இரண்டு பக்கச் சுவரிலும் ரயில் பெர்த் மாதிரி மேலும் கீழுமாக மாடங்கள். துணி சுற்றிய உடலை உள்ளே வைத்து, பளிங்குப் பலகையாலோ ஓட்டாலோ மூடுவார்களாம். கைக்குழந்தைகளுக்கான குட்டி மாடங்கள்தான் என்னை என்னவோ செய்தன.

கூட வந்த காசிமேட்டு ஆயா ஒருவர், "நாம ஒரே குழியைத் திறந்து திறந்து மூணு தலைமுறையைப் போடுறோம், இங்க ஆளுக்கு ஒரு மாடமா?" என்றார். ஒரே மாடத்தில் இரண்டு மூன்று பேரை வைத்ததும் உண்டு என்றதும்தான் ஆயாவுக்குத் திருப்தி.

மூன்றாம் நூற்றாண்டுப் போப்பாண்டவர்கள் ஒன்பது பேரை ஒரே அறையில் வைத்திருந்தார்கள். பக்கத்திலேயே மறைசாட்சியான புனித செசிலியாவின் இடம். அவர் உடலை 821-லேயே நகருக்குள் எடுத்துப்போய்விட்டார்கள். இப்போது இருப்பது அவருடைய சிலையின் நகல். கிறிஸ்தவர்கள் ஒளிந்து வாழ்ந்த இடம் என்று மறைக்கல்வியில் சொல்வார்களே, அது சரியில்லை. புதைப்பதற்கும், நினைவு நாளில் கூடிச் சாப்பிடுவதற்கும்தான் வந்திருக்கிறார்கள். கல்லறைத் திருநாளுக்கு நாம் மாலையும் மெழுகுவத்தியுமாகப் போவதில்லையா, அந்த வழக்கம்தான்.

சரி, பெற்றோர் விஷயம். படிக்கட்டு இறங்கி ஏற வேண்டும், வழி குறுகல். மூட்டுவலியோ மூச்சுத்திணறலோ இருப்பவர்கள் மேலே தோட்டத்து நிழலில் இருந்துவிடலாம். கீழே குளிரும், வெயில் காலத்திலும் ஸ்வெட்டர் வேண்டும். வழிகாட்டி இல்லாமல் விடமாட்டார்கள், போட்டோவும் எடுக்க முடியாது. அப்புறம், புதன்கிழமை போய் நிற்காதீர்கள், அன்று விடுமுறை.