ஜெபித்தும் மனம் ஆறவில்லை என்றால் விசுவாசம் போதவில்லை என்று அர்த்தமா?

இதே கேள்வியோடு 9 ஆண்டுகள் சபைக்குப் போய் வந்தவள் நான்.

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டம். அப்பா பால்வெட்டுத் தொழிலாளி. மாலையில் சம்சு என்ற மலிவுச் சாராயம் உள்ளே போனால் அம்மாவின் மேல் கை நீளும். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பலகைச் சுவர்தான். பத்து வீட்டுக்கும் கேட்கும். அப்பா இறந்த பிறகு, 17 வயதில் ஞானஸ்நானம் எடுத்தேன். கர்த்தர் செய்த நன்மையைச் சபை முன் சாட்சி சொல்லக் கூப்பிட்டால், "அப்பாவை மன்னித்துவிட்டேன், கர்த்தர் சமாதானம் தந்தார்" என்பேன். எல்லாரும் "அல்லேலூயா" என்பார்கள். வீட்டுக்கு வந்தால் தூக்கம் வராது.

மாற்கு 5ஆம் அதிகாரத்தில், 12 ஆண்டுகள் உதிரப்போக்கால் அவதிப்பட்ட பெண் கூட்டத்துக்குள் புகுந்து இயேசுவின் வஸ்திரத்தைத் தொடுகிறாள். உடனே நோய் நின்றுவிடுகிறது. அவள் சத்தமில்லாமல் வீட்டுக்குப் போயிருக்கலாம். அவர் விடவில்லை. ஜெப ஆலயத் தலைவன் யவீருவின் மகள் சாகக் கிடக்கிறாள், அவளைக் குணமாக்கப் போகும் அத்தனை அவசரத்திலும் நின்று, தொட்டது யார் என்று கேட்கிறார். அவள் நடுங்கிக்கொண்டே வந்து உண்மையையெல்லாம் சொல்கிறாள். அதற்குப் பிறகுதான் "மகளே" என்கிறார். "உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது" என்ற இடத்தில் வரும் கிரேக்கச் சொல்லுக்குக் குணமாக்குதல் என்ற பொருளும் உண்டு. எத்தனையோ முறை வாசித்தேன். "உண்மையையெல்லாம்" மட்டும் கண்ணில் படவே இல்லை.

என் உண்மை இதுதான்: அப்பா இறந்த இரவு நான் நிம்மதியாகத் தூங்கினேன். இதை எந்தச் சாட்சியில் சொல்வது?

சபையின் மூத்த அக்கா ஒருவரிடம், அவர் வீட்டுச் சமையல்கட்டில் சொன்னேன். கங்கோங் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வேதாகமத்தைத் தேடவில்லை, தலையில் கைவைத்து ஜெபிக்கவும் இல்லை. கையிலிருந்த தண்டைக் கீழே வைத்துவிட்டு, "நானாக இருந்தாலும் தூங்கியிருப்பேன் தங்கச்சி" என்றார். அன்று அழுத அழுகையில் கீரை வாடிவிட்டது.

அவர்தான் அரசாங்க மருத்துவமனைக்கும் கூட்டிப்போனார். மனநல மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசம் என்று சபையில் ஒருவர் சொன்னார். அவர் இனிப்பு நீருக்கு (நீரிழிவுக்கு) தினமும் மாத்திரை போடுகிறவர்!

கோபம் முழுதாகப் போய்விட்டதா என்றால், இல்லை. 88ஆம் சங்கீதமும் இருளில்தான் முடிகிறது. அதையும் வேதாகமத்தில் வைத்திருக்கிறார்களே. இப்போது சாட்சி சொல்லக் கூப்பிட்டால், "இந்த வாரம் மனம் சரியில்லை, ஜெபியுங்கள்" என்று சொல்லி உட்கார்ந்துவிடுகிறேன். அல்லேலூயா வருவதில்லை. வீட்டுக்குப் போனால் தூக்கம் வருகிறது.